உடைந்த விதம்

எங்கள் வீட்டில் மண்சட்டி கைதவறி விழுந்து உடைந்ததே கிடையாது. உடைந்தது அத்தனையும் அய்யா எறிந்து உடைந்தது. ஆனால் சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்த்தால், அம்மா விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்து "கைதவறிருச்சு" என்பாள். அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல். மடையில் தண்ணீர் விடுவதில் தகராறு, நடவுக்கு ஆள் வரவில்லை, குழம்பில் உப்பு இல்லை, எதுவானாலும் அய்யாவிடம் இருந்தது ஒரே பதில்தான். கைக்கு எட்டியதைத் தூக்கிச் சுவரில் அடிப்பார். எவர்சில்வர் பாத்திரம் என்றால் நசுங்கி உருண்டு கிடக்கும், அதில் அவருக்கு மனசு ஆறாது. மண்சட்டிதான் தோதுப்பட்டது. சில நாள் சட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அம்மா நின்றிருப்பாள். அவளுடைய இடது புருவத்தில் பாதிக்கு மேல் முடி முளைக்காது. கேட்டவர்களுக்கெல்லாம் அதற்கும் கைதவறிய கதைதான்.

நான் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டே சத்தத்தை வைத்து எது உடைந்தது என்று சொல்லிவிடுவேன். குழம்பு இருந்த சட்டி ஒரு மாதிரி அமுங்கிப் போய்ச் சத்தம் தரும். வெறும் சட்டி வீடு முழுக்கச் சிதறும். அந்த அறிவை வைத்துத்தான் பின்னாளில் முனைவர் பட்ட ஆய்வே செய்யப் போகிறேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர்மேலும் எதையாவது எறிந்திருப்பேன். அய்யாவின் மூக்கு எனக்கு வரவில்லை. கோபம் வந்துவிட்டது.

ஆய்வு இதுதான். கடலோரத்தில் ஒரு பழைய மேட்டைத் தோண்டியபோது, ஒரே குழியில் சட்டி ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அவை தாமாக விழுந்து உடைந்தனவா, கூரை சரிந்து நசுங்கினவா, இல்லை யாராவது போட்டு உடைத்தார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால் அந்த வீட்டு மனிதர்கள் தாமாகக் கிளம்பிப் போனார்களா, அடித்து விரட்டப்பட்டார்களா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதற்கு வழிகாட்டும் ஏதாவது ஒரு புத்தகம் கிடைக்காதா என்று தேட ஆரம்பித்தேன்.

இராமநாதபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, மதுரைக்கும் சென்னைக்குமாக நூலகம் நூலகமாக ஏறி இறங்கினேன். மட்பாண்டம் என்று கேட்டதற்கு ஓரிடத்தில் தொட்டிச்செடி வளர்ப்புப் புத்தகம் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் பீங்கான் ஜாடிக்கு மெருகு ஏற்றும் முறை. அகழாய்வு அறிக்கைகளில் வாயின் அகலம், கழுத்தின் வளைவு, நிறம், கீறல் எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. எப்படி உடைந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. இணையத்தில் கிடைத்த கட்டுரைகளில் வெளிநாட்டுக்காரர்கள் ஆய்வுக்கூடத்தில் நின்று, அளந்த உயரத்திலிருந்து, பதமாகச் சட்டியை விட்டுப் பார்த்திருந்தார்கள். அவர்கள் மண் வேறு, சூளை வேறு. கோபமும் வேறாகத்தான் இருக்கும். நான் படித்த அளவில் ஒருவராவது எறிந்து பார்த்ததாக எழுதவில்லை.

என் நெறியாளர் பொறுமைசாலி. நான் புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இல்லாத புத்தகத்தத் தேடி எதுக்கும்மா அலையிற? இப்பப் பொழங்குற சட்டி உடையும்ல, அதச் சேத்து வை. எப்படி உடஞ்சதுன்னு அந்த வீட்டுலயே கேட்டு எழுது. அதுதான் உனக்குப் புத்தகம்."

அப்படித்தான் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு மீனவக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் எத்தனை அலுமினியம், எவர்சில்வர் வந்தாலும் அங்கே மீன்குழம்பு மண்சட்டியில்தான் கொதிக்கும். காலையில் பெண்கள் கரையில் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டைக் காலொடியாமல் பிரித்தெடுப்பார்கள். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். என்னை எல்லோரும் டீச்சர் என்றார்கள். நான் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

உடைந்த சட்டியை அங்கே வீட்டுக்குள் வைப்பதில்லை. அன்றைக்கே கொல்லைக்குப் பின்னால் கருவேலங்காட்டில் போட்டுவிட வேண்டும். எனக்காக அதை ஒரு பையில் போட்டு வெளியே மாட்டி வைக்கச் சொன்னேன். கழுவக் கூடாது என்றும் சொன்னேன். கழுவினால் ஒட்டியிருப்பதெல்லாம் போய்விடும். பைக்கு ஒரு படிவம். சட்டியின் வகை, எத்தனை வருடம் புழங்கியது, உடைந்த இடம், உடைந்த விதம். கடைசிக் கட்டத்தில் அத்தனை பெண்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். கைதவறி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்து நழுவும் சட்டி அடிப்பாகத்தில் இடித்துப் பெரிய பெரிய துண்டுகளாகப் பிளக்கும். வாய்ப்பகுதி பெரும்பாலும் வளையம் குலையாமல் கிடக்கும். எறிந்த சட்டிக்கு வயிற்றில் அடிபடும். அடிபட்ட இடம் மாவாகி, அங்கிருந்து நாலாபக்கமும் விரிசல் ஓடும், வாய் பத்துத் துண்டாகும். என்னிடம் சேர்ந்த பைகளில் முக்கால்வாசி இரண்டாவது வகை.

அந்தக் கரையில் எனக்கு நெருக்கமானவள் ஒரு அக்கா. அரசுத் திட்டத்தில் கட்டிய வீட்டுக்கு உள்ளும் புறமும் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்ததால் ஊரில் அவள் பச்சை வீட்டுக்காரி. புதுச்சட்டியை எப்படிப் பழக்குவது என்று எனக்குச் சொன்னது அவள்தான். பத்து நாள் தினமும் கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, மண்வாசம் போன பிறகுதான் முதல் குழம்பு வைக்க வேண்டுமாம். "பழக்குன சட்டிய எந்தப் பொம்பளையும் கைவிட மாட்டா டீச்சர். பிள்ளைய விட்டாலும் விடுவா" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் அவளே ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து வைத்தாள். பதினோரு வருடம் புழங்கிய சட்டி. உள்ளும் புறமும் கன்னங்கரேல் என்று எண்ணெய் ஊறி மின்னியது. அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"எப்படிக்கா உடஞ்சுச்சு?"

"கைதவறிருச்சு டீச்சர்."

நான் தார்ப்பாயை விரித்து ஓடுகளை ஒட்டுக்கு ஒட்டு அடுக்கினேன். பத்து நிமிடத்தில் சட்டி வட்டமாகப் படுத்துவிட்டது. வயிற்றில் ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கருப்பின்மேல் பச்சைப் பெயிண்ட் தீற்றிக் கிடந்தது. தரையில் விழுந்த சட்டிக்குச் சுவரின் பச்சை எப்படி வரும்?

அந்த நேரம் பார்த்து வள்ளத்திலிருந்து இறங்கி அவள் புருஷன் வந்தான். "என்ன, ஓட்டாஞ்சல்லி வெளையாட்டா?" என்று சிரித்தான். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று அரித்தது. நாலு பேர் முன்னால் அவனை அடிக்க வேண்டும் என்றும் இருந்தது.

"இது கைதவறி உடஞ்ச சட்டி இல்ல" என்றேன். "செவுத்துல எறிஞ்சு ஒடச்சது. இந்தா, பச்சைப் பெயிண்ட் ஒட்டிருக்கு. எறிஞ்ச ஆளு வலதுகைக்காரன், வாசப்பக்கம் நின்னு எறிஞ்சிருக்கான்." வலதுகை, வாசல் இரண்டும் நான் சேர்த்துவிட்டது. ஓடு அவ்வளவெல்லாம் சொல்லாது.

நண்டு பிரித்த கைகள் அப்படியே நின்றன. அவன் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தான். "இந்தம்மாகிட்ட என்னடி சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே தார்ப்பாய்மேல் ஏறி நின்று மிதித்தான். ஓடுகள் நொறுங்கும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். நான் குனிந்து பச்சை தீற்றிய ஓட்டுத் துண்டை எடுக்கப் போனேன், அவன் என் கையைத் தட்டிவிட்டான். கூட வந்த ஒருவர் "ஏலே, விடுறா, பொம்பளப்பிள்ளகிட்ட என்னடா?" என்று இழுத்துக்கொண்டு போனார். நான் பஸ் ஏறினேன். ஏறி உட்கார்ந்தபோது, சொல்கிறேனே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்ட மாதிரி.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது கொட்டகையில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. ஒரு கிழவி மட்டும் நண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ ராம்நாட்ல ஆசுபத்திரியில கெடக்கா. போய்ப் பாரு, ஒன் படிப்ப" என்றாள்.

இரண்டு விலா எலும்பில் கீறல். முன்பல் ஒன்று பாதி இல்லை. வள்ளத்துத் துடுப்பால் அடித்திருக்கிறான். அக்கா மெதுவாகத்தான் பேசினாள். மூச்சு இழுத்தால் வலி.

"நான்தான் ஒங்ககிட்டச் சொன்னேன்னு நெனச்சுட்டான் டீச்சர். நான் ஒரு வார்த்த சொல்லல, சட்டியப் பாத்து அவங்களாச் சொன்னாங்கன்னு அடி வாங்கிக்கிட்டே சொல்றேன். சட்டி சொல்லுமாடி, சட்டி சொல்லுமாடின்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறான்."

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்துப் போலீஸ்காரர் கையில் அட்டையோடு வந்தார். அவரிடமும் ஒரு படிவம். அதிலும் ஒரு கட்டம், காயம் ஏற்பட்ட விதம்.

"எப்படிம்மா அடிபட்டுச்சு?"

"வலை மேல கால வச்சு வழுக்கிட்டேன் சார். வள்ளத்துல மோதிட்டேன்."

அவர் நல்ல மனிதர். இரண்டாவது முறையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். அக்கா கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை பேசிவிடாதே என்பதுதான் அந்தப் பார்வை. பேசக் கூடாத இடத்தில் அத்தனை பேசியவள், பேச வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

"நான் வேற எங்கயாவது எடம் பாத்துத் தாரேன், வாக்கா" என்றேன்.

"வீடு என் பேர்ல இருக்கு டீச்சர். நான் எதுக்குப் போவணும்?" என்றாள். அவன் இருக்கும் வீட்டுக்கு அவள் திரும்பப் போகிறாள் என்பது எனக்கு உறைத்தது. அடுத்த தடவை துடுப்பு விலாவோடு நிற்காது. அதற்கு நான் காரணமாக இருப்பேன்.

ஊருக்குப் போனேன். ஆய்வுக்கு வேண்டும் என்று சொல்லிச் சந்தையில் ஒரு டஜன் புதுச்சட்டி வாங்கி, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டிலின் சுவருக்கு எதிரே அடுக்கினேன். முதலில் முறைப்படி இடுப்பு உயரத்திலிருந்து ஒன்று, தலை உயரத்திலிருந்து ஒன்று என்று விட்டுப் பார்த்துக் குறிப்பு எழுதினேன். ஆறாவது சட்டியை எறிந்தேன். உடம்பில் ஏதோ இளகியது. ஏழாவதை இன்னும் வேகமாக எறிந்தேன். குறிப்பு எழுத மறந்துபோனது.

அய்யா கொட்டில் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலதுகை மடியில் ஒரு துண்டு மாதிரி கிடக்கும். வாயும் கொஞ்சம் கோணல். நான் எட்டாவதை எடுத்தபோது குழறியபடி சொன்னார்: "தோளுலருந்து எறியாத தாயி, வலிக்கும். மணிக்கட்டச் சுண்டு. சட்டிய வாயப் புடிக்காத, அடியப் புடி."

எத்தனை நூலகம் தேடியும் கிடைக்காத தகவல். பதினைந்து வருடம் சோதித்துப் பார்த்துச் சொல்கிறார்.

"அம்மா மேல எறிஞ்சப்ப எங்கருந்து எறிஞ்சீங்க? தோளா, மணிக்கட்டா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அம்மா அப்படித்தான் வைப்பாள். அச்சு அசல் அதே மாதிரி. அதைப் பார்த்த பிறகும் நான் எறிந்தேன். அடியைப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி. அவர் தலைக்கு ஒரு சாண் மேலே சுவரில் பட்டு, ஓடு அவர் வழுக்கை மண்டையில் கொட்டியது. நெற்றியில் ஒரு கோடு கிழித்து இரத்தம் புருவத்துக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலே எட்டி, "என்ன சத்தம்?" என்றாள். அம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், அய்யாவைப் பார்த்தாள். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல. பிள்ளைக்குக் கைதவறிருச்சு."

நான் அழுதேன். அம்மா என்னைச் சட்டை செய்யாமல் பெருக்கினாள். அய்யாவின் நெற்றியில் மஞ்சளை அப்பிவிட்டாள். அந்தச் சட்டிக்கு நான் படிவம் எழுதவில்லை.

அதற்கு அப்புறம் ஒரு மாதம் கரைப்பக்கம் போகத் துணியவில்லை. ஒருநாள் உச்சிவெயிலில் என் அறைக் கதவைத் தட்டியது அக்காதான். பஸ்ஸில் வந்திருக்கிறாள். பாதிப் பல்லோடு சிரித்தாள். கையில் அதே ஜவுளிக்கடைப் பை. உள்ளே வந்து கதவைச் சாத்தி, தரையில் உட்கார்ந்து, பையை என் பக்கம் தள்ளினாள்.

புதுச்சட்டியின் ஓடுகள். செம்மண் நிறம் இன்னும் மாறவில்லை. அடியில் மட்டும் முதல் கரி, உள்ளே கஞ்சித்தண்ணீரின் வெள்ளைப் படலம். பத்து நாள் பழக்கி முடித்த சட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. அடிபட்ட இடத்தைத் தேடி எடுத்தேன். பச்சைப் பெயிண்ட் இல்லை. காய்ந்த இரத்தமும் நாலைந்து நரைமுடியும் ஒட்டியிருந்தன.

"நீங்கதான ஓட்டக் கழுவக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள்.

"இருக்கானா?" என்றேன்.

"இருக்கான். ஒம்போது தையல். அவுக ஆத்தா வீட்டுல கெடக்கான்." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "மொதக் கொழம்பு வைக்கப் போறேன் டீச்சர், அன்னைக்குன்னு வந்து ஆரம்பிச்சான். அடிச்சான், வாங்கிக்கிட்டேன். பெறகு அடுப்புப் பக்கம் திரும்பி, சட்டிக்குக் கைய நீட்டுனான். பத்து நாளு. பத்து நாளு கஞ்சி ஊத்திப் பழக்கிருக்கேன். இத அவன் கையால ஒடைய விடக் கூடாதுன்னு தோணுச்சு. நான் முந்திக்கிட்டேன்."

போலீஸ் கேட்டார்களா என்றேன்.

"பரண்லருந்து எடுக்கையில கைதவறி அவன் தலையில விழுந்துருச்சுன்னேன். அவனும் அதேதான் சொல்லிருக்கான். பொண்டாட்டிகிட்ட அடி வாங்குனேன்னு எப்படிச் சொல்லுவான்? சட்டி எங்கன்னு கேட்டாங்க. ஒடஞ்ச சட்டிய வீட்டுல வைக்க மாட்டோம் சார், அன்னைக்கே வெளிய போட்டாச்சுன்னேன். ஒத்துக்கிட்டாங்க. கருவேலங்காட்டுலதான் போடப் போனேன். அங்கன போட்டா ஒங்கள மாதிரி யாராச்சும் பொறுக்கி எடுத்துப் படிச்சுருவாங்களேன்னு பயம் வந்துருச்சு. அதான் ஒங்ககிட்டயே கொண்டாந்துட்டேன். இது ஒங்ககிட்ட மட்டும் பேசட்டும். வேற யாருகிட்டயும் பேச வேண்டாம்."

அவள் ஜெயிலுக்குப் போவதும் போகாததும் என் மடியில் கிடந்தது. நான் எழுந்து குளியலறைக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து, ஆய்வுக்கு வந்த ஓட்டை முதன்முதலாகச் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரல் இடுக்கில் அந்த முடி ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. அருவருப்பாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆறுதலாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு வந்து உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். மீன்சட்டி. பத்து நாள். சமையலறை. கடைசிக் கட்டத்தில் நான் எழுதியதை அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அவன் திரும்பி வரவில்லை. வேறு ஊரில் வேறு வள்ளத்தில் போகிறானாம். பச்சை வீட்டில் அவள் இருக்கிறாள். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "பேர் போடாம எழுதுங்க" என்றாள். ஆய்வேட்டை முடிக்க எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அதில் மற்ற எல்லாம் சரி. அந்த ஒரு ஓடு மட்டும் பொய்.

வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மேசையில் பரப்பியிருந்த தொகுப்பை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நூறு ஓட்டில் சரியாக அதன்மேல் போய்க் கை வைத்தார். பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தரையில விழுந்து உடஞ்ச மாதிரி தெரியலையேம்மா. எதுலயோ மோதியிருக்கு. யாரோ வேகமா எறிஞ்சிருக்காங்க. உங்களுக்குத் தகவல் சொன்னவங்கள நம்பலாமா?"

என் நெறியாளரும் நிமிர்ந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நானாகச் சிரிக்கவில்லை, அது தானாக வந்து முகத்தில் உட்கார்ந்தது. விளக்குமாறு ஒன்றுதான் கையில் இல்லை.

"நம்பலாம் சார்" என்றேன். "கைதவறிருச்சு."